மணி நின்றால் மட்டும் இழுக்கவும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், மிளகாய் அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற ஓரேப் ஒளி சபையின் பாஸ்டர் ரேமண்ட், எட்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள சாமான் அறைக்குள் நுழைந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவர் காலில் கட்டிய கயிறு இன்றைய தேதிக்குப் பதினோரு கிலோமீட்டர் உள்ளே போயிருக்கிறது. நீல நைலான் கயிறு, சுண்டுவிரல் கனம், இருநூறு மீட்டர் கொண்ட சுருள் ஒன்று அறுபத்தெட்டு மலேசிய வெள்ளி. சீனப் பெருநாளுக்குப் பிறகு எழுபத்திரண்டு. அறைக்குள் ஒரு கிறிஸ்துமஸ் மரம், ஓடாத மேசை விசிறி, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்பது, அவ்வளவுதான். பின்சுவருக்கு அந்தப் பக்கம் சந்து, சந்தில் சாக்கடை, சாக்கடை ஓரத்தில் ஒரு பூனை. சபையார் பலமுறை சுற்றிப் போய்ப் பார்த்து இதையெல்லாம் உறுதிசெய்துவிட்டார்கள், பூனை உட்பட.

அவர் மனைவி மார்த்தாவுக்கு இது ஒன்றும் தலைபோகிற ஆச்சரியமாக இல்லை. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ரேமண்ட் எந்தக் காரியத்தையும் எட்டடியில் முடித்துக் கொடுத்ததில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் சின்ன ஜெபம் என்று கண்ணை மூடுவார். திறப்பதற்குள் ரசம் ஆறி, மறுபடி சுடவைத்து, மறுபடி ஆறியிருக்கும். மார்த்தா புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். விடிவதற்கு முன் ஜெலுத்தோங் பிளாட்டுக்குக் கீழே வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறி, பாலம் தாண்டிப் போய், கண்ணாடி வில்லையை மாட்டிக்கொண்டு மின்சுற்றுப் பலகைகளில் குறை தேடுவது அவள் உத்தியோகம். நாள் முழுக்கக் குறை தேடிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே அந்த உத்தியோகத்தைப் பாஸ்டர் பார்த்துக்கொண்டிருப்பார்.

வினை ஆரம்பித்தது ஒரு பிரசங்கத் தொடரில். ‘கீழ்ப்படிதலும் பயபக்தியும்’ என்பது தலைப்பு. ஐந்து வாரம் என்று அறிவித்தார், நாற்பத்தொரு வாரம் ஓடியது. பழைய இஸ்ரவேலில் ஆசாரியன் எப்படிக் கைகால் கழுவினான், எதைத் தொட்டான், எதைத் தொடாமல் தப்பித்தான் என்று அவர் சொல்லச் சொல்ல, சபையார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். ஆரோனின் பிள்ளைகள் நாதாபும் அபியூவும் கர்த்தர் கட்டளையிடாத நெருப்பைத் தூபகலசத்தில் எடுத்துக்கொண்டு போய், நின்ற இடத்திலேயே எரிந்துபோன கதையை மட்டும் ஆறு ஞாயிறு சொன்னார். ஆறாவது ஞாயிறு அவர் பார்வை, துதிப்பாடல் நடத்தும் ஜோனத்தன் மேல் வந்து நின்றது. ஜோனத்தன் கெப்பாலா பத்தாஸில் அரசாங்க அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி, பாஸ்டரின் ஒரே மகள் பெவர்லிக்கு நிச்சயமான மாப்பிள்ளை, சாது. அவன் செய்த பாவம், வாலிபர் கூட்டத்துக்கு மேடையில் புகை விடும் மெஷின் ஒன்றை எடுத்து வந்தது. “அந்நிய அக்கினி!” என்று பாஸ்டர் கத்தியதில் கீழே மிளகாய் அரைக்கிறவரே மெஷினை நிறுத்திவிட்டார். “அக்கினி இல்ல பாஸ்டர், வெறும் தண்ணியும் கிளிசரினும்தான்” என்றான் ஜோனத்தன். மூன்று மாதம் கிட்டாரைத் தொடக்கூடாது என்று தண்டனை. பதில் பேசியதற்கு இன்னும் இரண்டு மாதம்.

அதன் பிறகு விதிகள் புற்றீசல் மாதிரிக் கிளம்பின. மாடிப்படியிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். ஆராதனையில் இருமல் மிட்டாய் கூடாது. மேடைக்கு இடப்பக்கமாக ஏறினால் வலப்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். வலப்பக்கம் படியே கிடையாது, குதிக்க வேண்டும், குதித்தார்கள். கீழே மிளகாய் அரைக்கும் நேரத்தில் மேலே எல்லார் கண்ணிலும் தண்ணீர் கொட்டும். பாஸ்டர் அதற்கு அபிஷேகம் என்று பெயர் வைத்தார், யாரும் மறுக்கவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குச் சிவப்பு வெல்வெட் திரை போட்டு, அதுதான் இனி மகா பரிசுத்த ஸ்தலம் என்றார். வருஷத்துக்கு ஒரு தரம், பாவநிவாரண நாளில், அவர் ஒருவர்தான் உள்ளே போவார். வேறு யாராவது திரையைத் தொட்டால் நடக்கப்போவதற்குச் சபை பொறுப்பில்லை.

அங்கியை ஆசியா பீவி தைத்துக் கொடுத்தார். சூலியா ஸ்ட்ரீட்டில் முப்பது வருஷமாக மலாய்ப் பெண்களுக்குப் பாஜு குரோங் உடை தைக்கிறவர், ஆரோன் அளவுக்கு இதுவரை தைத்ததில்லை என்றாலும் சளைக்கவில்லை. நீல அங்கி, கீழ்விளிம்பில் கம்பளி நூலில் மாதுளம்பழம், பழத்துக்குப் பழம் நடுவே ஒரு மணி. மணிக்கு எங்கே போவது? பரதநாட்டியச் சாமான் விற்கும் கடையில் சலங்கை வாங்கி, அதிலிருந்து இருபத்துநான்கு மணியை அறுத்துத் தைத்தார்கள். ஆசாரியன் உள்ளே நடமாடும்வரை மணிச் சத்தம் கேட்கும், சத்தம் நின்றால் ஆள் செத்தான் என்று அர்த்தம், அப்போது காலில் கட்டிய கயிற்றைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும் என்று பாஸ்டர் விளக்கினார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை குணவதிக்கு வாய் சும்மா இருக்காது. எழுந்து நின்று, “பாஸ்டர், மணி வேதத்துல இருக்கு, மாதுளம்பழம் இருக்கு. கயிறு எங்கயும் இல்லையே? அதோட அந்த ஒரு நாளைக்கு ஆரோன் இந்த ஜிகினா எல்லாம் கழட்டி வச்சிட்டு, சாதா சணல்நூல் அங்கியோடதானே உள்ள போனான்?” என்று கேட்டார். கயிற்றைப் பாஸ்டர் ஏதோ வீடியோவில் பார்த்திருந்தார். குணவதியை ஆறு மாதத்துக்குக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள்.

போன வருஷம் செப்டம்பர் கடைசி ஞாயிறு, காலை ஆராதனை முடிந்த கையோடு காரியம் நடந்தது. கயிற்றைக் கட்டியவர் மோகனராஜ், சபையின் மூப்பர், பாகான் டாலாம்காரர், பட்டர்வொர்த் ஃபெர்ரிப் படகில் இருபது வருஷம் கயிறு கட்டியவர். கப்பலே அசையாத முடிச்சு அது. ‘மணி நின்றால் மட்டும் இழுக்கவும்’ என்று பாஸ்டர் தன் கையாலேயே அட்டையில் எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். பிறகு மணி குலுங்க உள்ளே போனார். எட்டடி போனதும் நிற்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். கயிறு பத்தடி போனது. இருபதடி போனது. ஐம்பது மீட்டர் சுருள் தீர்ந்ததும் மோகனராஜ் கயிற்று நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, ஹார்ட்வேர் கடைக்கு ஆள் அனுப்பினார். ஜோனத்தன் பின்சந்துக்கு ஓடினான். சுவர் முழுசாக இருந்தது. மேலே மணிச் சத்தம் தூரமாக, நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது.

ஒரு மாதத்தில் சபைக்கு இது பழகிவிட்டது. கயிறு விடுவதற்கு முறைப்பட்டியல் போட்டார்கள், கயிற்று ஊழியம் என்று பெயர் வைத்தார்கள், ஊழியர்களுக்கு நீல டி-ஷர்ட் அடித்தார்கள். ஹார்ட்வேர் கடை இக்மல் அவர்களைக் கண்டதுமே “லாகி?” என்பான், இன்னுமா என்று அர்த்தம், சொல்லிக்கொண்டே சுருளை எடுத்துவைப்பான். உள்ளே சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு நாற்பது நாள் உபவாசம் என்று பதில் கிடைத்தது. நாற்பது முடிந்ததும் இன்னொரு நாற்பது என்றார்கள். மார்த்தா மட்டும் ஞாயிறுதோறும் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் கயிற்றில் கட்டிவிட்டாள். அது திரைக்கு அடியில் நழுவி உள்ளே போகும். பொட்டலம் போன அன்றைக்குக் கயிறு கொஞ்ச நேரம் மெதுவாக ஓடும்.

மார்த்தாவுக்குக் கவலை வேறு. பெவர்லியின் கல்யாணம் அந்த டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை. மண்டபம் பேசியாயிற்று, அழைப்பிதழ் அடித்தாயிற்று, அதில் தகப்பன் பேரும் இருக்கிறது. “அப்பாதான்மா என் கையப் புடிச்சி நடத்திட்டுப் போவணும். வேற யாரும் வேணாம்” என்று சொல்லிவிட்டு பெவர்லி சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதாள். சின்ன வயசிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அப்பா என்றால் உயிர். அப்பாவுக்குச் சபை என்றால் உயிர். “கூட்டிட்டு வர்றேன்” என்று மார்த்தா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மூப்பர்களிடம் போய்க் கேட்டாள். “அக்கா, மணி அடிச்சிக்கிட்டுதானே இருக்கு? அடிக்கிறப்ப இழுக்கக்கூடாது லா. பாஸ்டரே எழுதி மாட்டிட்டுப் போயிருக்காரு” என்று மோகனராஜ் கையைப் பிசைந்தார். உள்ளே போய்க் கூப்பிட்டு வாருங்கள் என்றாள். கட்டளையை மீறக்கூடாது என்பதில் சபை ஒருமனப்பட்டிருந்தது. இவ்வளவு ஒருமனம் அந்தச் சபையில் அதற்கு முன் இருந்ததே இல்லை. கடைசியில் மோகனராஜ் ஒரு யோசனை சொன்னார்: கயிற்று நுனியை மண்டபம்வரைக்கும் நீட்டிவிட்டால், பெவர்லி அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், தகப்பன் காலில் கட்டிய கயிறும் தகப்பன் கை மாதிரிதான். “உன் மவளுக்கு நீ அப்படிச் செய் மோகன்” என்று சொல்லிவிட்டு மார்த்தா எழுந்து வந்துவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை பொது விடுமுறை, மத்தியானம் கயிறு விடுவது அவள் முறை. கூடத்தில் யாரும் இல்லை. திரைக்கு முன்னால் நின்று “என்னங்க” என்று நாலு தடவை கூப்பிட்டாள், பதில் இல்லை. அது வீட்டிலும் வழக்கம்தான். கோபத்தில் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினாள். உள்ளே இருந்து ஒரு சுண்டு வந்தது. இரண்டு தடவை சுண்டினாள், இரண்டு வந்தது. முப்பது வருஷத்தில் அவள் கூப்பிட்ட உடனே அவரிடமிருந்து பதில் வந்தது அன்றைக்குத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. மனுஷன் உயிரோடு இருக்கிறார், கயிற்றுக்கு அந்த நுனியில் இருக்கிறார், இழுத்தால் வருவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாண வாரத்துத் திங்கட்கிழமை கம்பெனியில் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்து இழுக்க ஆரம்பித்தாள். அப்போது கயிறு மூன்று கிலோமீட்டர் போயிருந்தது. சபையார் வந்து பார்த்தார்கள். யாரும் கயிற்றைத் தொடவில்லை, யாரும் அவளைத் தடுக்கவும் இல்லை. அவள் கைகளை மன்னிக்கும்படி ஒரு ஓரமாக நின்று ஜெபித்தார்கள். ஜோனத்தன் மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். “கிட்டாரத் தொடக்கூடாதுன்னுதான் சொன்னாரு ஆன்ட்டி. கயித்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியே” என்றான். மாப்பிள்ளை தேறுவான் என்று மார்த்தா அன்றைக்கு முடிவுசெய்தாள். இழுத்த கயிறு பிரசங்க மேடை உயரத்துக்குக் குவிந்தது. இரண்டாம் நாள் உள்ளங்கை கொப்பளித்தது, மூன்றாம் நாள் கொப்பளம் உடைந்தது. அன்று பிற்பகல் நாலு மணிக்கு மணிச் சத்தம் கிட்டே கேட்டது. பெவர்லி ஓடி வந்தாள். திரைக்கு அடியில் இரண்டு பாதம் தெரிந்தது. நகம் வளர்ந்த, தூசி படிந்த, சந்தேகமே இல்லாமல் அவருடைய பாதம்.

“மணி நின்னுச்சா?” என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

எல்லாரும் மார்த்தாவைப் பார்த்தார்கள்.

“கேக்கறேன்ல? மணி நின்னுச்சா?”

“நிக்கல” என்றாள் மார்த்தா. “சனிக்கெழம பெவர்லிக்குக் கல்யாணம். மொதல்ல வெளிய வாங்க.”

“நிக்காதப்ப யாரு இழுக்கச் சொன்னது? எழுதி மாட்டிட்டுத்தான வந்தேன்! இவ்ளோ தூரம் நடந்தது பூரா வீணாப்போச்சு. கட்டளைய ஒடச்சிட்டீங்க. இனிமே நான் மொதல்லேருந்து நடக்கணும்.”

“அப்பா, ப்ளீஸ்ப்பா” என்று பெவர்லி திரையைப் பிடிக்கப் போனாள். “தொடாத!” என்று அவர் போட்ட சத்தத்தில் பெண் பின்னால் விழுந்துவிட்டாள். பாதம் இரண்டும் திரும்பின. மேடை உயரக் கயிற்றுக் குவியல் சரசரவென்று திரைக்கு அடியில் ஓட ஆரம்பித்தது. மார்த்தா இரண்டு கையாலும் பிடித்தாள். புண்ணான கையில் கயிறு அறுத்துக்கொண்டு போனது, விட்டுவிட்டாள். பாஸ்டரின் பயபக்தியைப் பார்த்து மூப்பர்கள் மெய்சிலிர்த்து நின்றார்கள். ஒரு மூப்பருக்குக் கண் கலங்கியது. அன்றைக்குக் கீழே மிளகாய்கூட அரைக்கவில்லை.

சனிக்கிழமை மார்த்தாவே மகளை நடத்திக்கொண்டு போனாள். இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப் போட்டிருந்ததால் பெவர்லிதான் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெண் அழகாக இருந்தாள். சாப்பாட்டில் ஆட்டிறைச்சி கொஞ்சம் காரம், மற்றபடி குறை இல்லை. எல்லாம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிப் போன பிறகு, மார்த்தா மண்டபத்து வாசலில் நின்று ஒரு பாட்டம் அழுதாள். பாஸ்டரம்மாவுக்கு மகளைப் பிரிந்த துக்கம் என்று சபையார் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு வந்தது ஆத்திரம். ஒரு மனுஷனுக்கு அவன் பெற்ற பெண்ணைவிட அவன் எழுதி மாட்டிய அட்டை பெரிசாகப் போய்விட்டதே என்ற ஆத்திரம்.

ஜனவரி மூன்றாவது ஞாயிறு, காணிக்கைப் பாட்டு நடுவில், கயிறு உள்ளே நாலு கிலோமீட்டர் இருக்கும்போது, திரைக்கு இந்தப் பக்கமே நிற்கிற மாதிரித் தெளிவாக அவர் குரல் கேட்டது. “மார்த்தா. இழு.”

சபை எழுந்து நின்றது. வீட்டில் ‘இந்தா’, சபையில் ‘சிஸ்டர்’ என்றே காலத்தை ஓட்டியவர், அவள் பேரைப் பேராகச் சொல்லி அவளே கேட்டதில்லை. நெஞ்சு ஒரு தடவை உருகத்தான் செய்தது. திரைக்குப் பக்கத்தில் போய், “என்னாச்சு?” என்றாள்.

“இங்க ஒண்ணுமே இல்ல மார்த்தா. சாமான் ரூம தாண்டுனா இன்னொரு சாமான் ரூம். அதுலயும் கிறிஸ்மஸ் மரம், அதே ஒடஞ்ச நாக்காலி, அதே விசிறி. அதுக்கப்புறம் ஒரு திரை. தொறந்தா இன்னொரு சாமான் ரூம். எத்தனை தாண்டிட்டேன்னு தெரியல. திரும்பி நடந்தாலும் அதேதான். கால் வலிக்குது. இழு.” பேசப் பேச அங்கி குலுங்கி, வாக்கியத்துக்கு வாக்கியம் மணி அடித்தது.

“அக்கா, பாஸ்டரே சொல்றாரு, இழுத்துடலாம் லா” என்று மோகனராஜ் கயிற்றுப் பக்கம் போனார்.

“மணி அடிக்குது மோகன், காதுல விழலியா?” என்றாள் மார்த்தா. “அன்னிக்கு அடிக்கிறப்ப இழுத்தேன், மொதல்லேருந்து நடக்கணும்னு திரும்பிப் போனாரு. இன்னொரு தடவ இழுத்து, அந்த மனுசன மறுபடியும் நடக்க வைக்கச் சொல்றியா?” மோகனராஜ் கையை எடுத்துக்கொண்டார். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, எழுத்தும் அவள் பக்கம் இருந்தது. கோபமும் இருந்தது, இல்லை என்று சொன்னால் அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். திரைப் பக்கம் திரும்பி, “என்னங்க, ஆடாம அசையாம நில்லுங்க. மணி நிக்கட்டும். நின்ன அந்த நிமிசமே இழுத்துடறேன், கல்யாணத்தன்னிக்குக் கட்டுப் போட்டிருந்த கை இப்ப ஆறிடுச்சி” என்றாள்.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் ரேமண்ட் உட்கார்ந்து சாப்பிடும்போதும் கால் ஆட்டுகிறவர். தூங்கும்போது பிரசங்கம் செய்து கட்டிலை ஆட்டுகிறவர். மற்றவர் ஜெபிக்கும்போது ஒரு ஆமென் கூடுதலாகச் சொல்லாமல் அவரால் முடியாது. அன்றைக்கு முதல் தடவை மூன்று விநாடி நின்றார். பிறகு “நின்னுச்சா?” என்று கேட்டார், மணி அடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஐந்து விநாடி. நிற்க முடியாமல் எரிச்சலில் நடக்க ஆரம்பித்துவிடுவார், ஒரு கிலோமீட்டர் போய்த்தான் கோபம் தணியும். அப்படித்தான் கயிறு பதினொன்றை எட்டியது.

சபை நன்றாக நடக்கிறது. பிரசங்கத்துக்குச் சுங்கை பட்டாணியிலிருந்து ஒருவர் வருகிறார், இருபது நிமிஷத்தில் முடித்துவிடுகிறார். ஜோனத்தன் கிட்டார் வாசிக்கிறான். குணவதி கடைசி வரிசையிலேயே பழகிப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார், விசிறிக் காற்று அங்கேதான் வருகிறதாம். விதிகள் அப்படியே இருக்கின்றன. வலப்பக்கம் இன்றும் குதித்துத்தான் இறங்குகிறார்கள். திருவிழாக் காலத்தில் வருகிற வெளியூர்க்காரர்கள், சுவருக்குள் இருந்து வரும் சலங்கைச் சத்தத்தைக் கேட்டு மேலே நாட்டிய வகுப்பு நடக்கிறதா என்று மிளகாய்க் கடையில் விசாரிப்பார்கள். இல்லை, அது பாஸ்டர் என்று கடைக்காரர் சொல்லி மிளகாய்த்தூளை நிறுத்துக் கொடுப்பார்.

ஆராதனை முடிந்ததும் மார்த்தா திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். யார் என்ன சொன்னாலும் அந்த ஒரு மணி நேரத்தை அவள் விட்டுக்கொடுப்பதில்லை. போன மாதம் இரண்டாவது ஞாயிறு, பெவர்லி டீ கொண்டுவந்து கையில் கொடுத்த நேரம், மணி நின்றது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. குணவதி கைக்கடிகாரத்தைப் பார்த்து, “பத்து” என்றார். “இருவது.” பேச்செல்லாம் அடங்கியது. மார்த்தா டீயைத் தரையில் வைத்தாள், கையைச் சேலையில் துடைத்தாள், காலை அகட்டி ஊன்றிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். பின்னால் மோகனராஜ் பிடித்தார், அவர் பின்னால் ஜோனத்தன், அவன் பின்னால் சபையே வரிசை கட்டியது. “முப்பது.” அவள் திரையைப் பார்த்தபடி, வாங்க, வந்துடுங்க என்று சத்தமில்லாமல் சொன்னாள். “நாப்பது” என்று குணவதி சொல்லி, மார்த்தா மூச்சைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்த அதே நொடியில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அல்லேலூயா! பாத்தியா மார்த்தா, நின்னுட்டேன்!”

இருபத்துநான்கு மணியும் சேர்ந்து அடித்தன. மார்த்தா கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது.